பெயர்ப் போர் – 14: நாந்தேட் கொடுத்த விலை

சென்ற வாரம் விட்ட இடம்: 1978 ஜூலை 27, வியாழக்கிழமை. அவுரங்காபாத்தில் உள்ள மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கரின் பெயரைச் சூட்ட வேண்டும் என்று மகாராஷ்டிரச் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும் தீர்மானம் போட்டன. முதல்வர் சரத் பவார் பதவியேற்று அன்றைக்கு ஒன்பது நாள்தான். வயது 37.

அன்றே கலவரம் தொடங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. குடிசைகள் எரிந்தன. கிணறுகளை நாசம் செய்தார்கள். ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். ஆகஸ்ட் 4 அன்று நாந்தேட் மாவட்டம் தெம்புர்ணியில் போச்சிராம் காம்ளே என்ற மனிதரை, 'ஜெய் பீம்' என்று சொன்னதற்காகக் கொன்றார்கள். தீர்மானம் கிடப்பில் போடப்பட்டது. 1979 நவம்பரில் பேராசிரியர் ஜோகேந்திர கவாடே நாக்பூர் தீட்சாபூமியிலிருந்து கிளப்பிய நெடும்பயணம் அவுரங்காபாத்தை எட்டுவதற்குள் மறிக்கப்பட்டது. வந்தவர்கள் கைதானார்கள். அடுத்த ஆண்டு பவார் அரசே கலைக்கப்பட்டது.

இனி, பதினான்கு ஆண்டுகளைத் தாண்டிக் குதிக்க வேண்டியிருக்கிறது.

* * *

1993 நவம்பர் 25. நாந்தேட்.

கௌதம் வாக்மாரே என்ற தலித் பேந்தர் தொண்டர், பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரை வைக்காததைக் கண்டித்துத் தன்னையே தீக்கு இரையாக்கிக்கொண்டார்.

அதை விவரிக்கப் போவதில்லை. இந்தத் தொடரில் இதுவரை எத்தனையோ சாவுகளைச் சொல்லியாகிவிட்டது. கவனிக்க வேண்டியது இடம். இதுவும் நாந்தேட். போச்சிராம் காம்ளே விழுந்த அதே மாவட்டம். மராத்வாடாவில் 1978-இல் அதிகம் அடிபட்ட பகுதிகளில் ஒன்று. ஊர்ப்பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரத்துக் கதை இதைச் சுற்றித்தான்.

செய்தி மும்பைக்குப் போனபோது முதல்வர் நாற்காலியில் இருந்தவர் யார் தெரியுமா? அதே சரத் பவார்.

* * *

இடையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களை எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். அந்துலே, பாபாசாகேப் போஸ்லே, வசந்ததாதா பாட்டீல், சிவாஜிராவ் பாட்டீல் நிலங்கேகர், எஸ்.பி. சவாண், மறுபடி பவார், சுதாகர்ராவ் நாயக், மறுபடியும் பவார். இவர்களில் நிலங்கேகரும் சவாணும் மராத்வாடாக்காரர்கள். சவாணின் அரசியல் கோட்டையே நாந்தேட்தான். ஆனாலும் 1978 தீர்மானத்தை எடுத்து நடத்த யாருக்கும் கை வரவில்லை. கிழித்துப் போடவும் தைரியம் இல்லை. சட்டமன்றம் ஒருமுறை சொன்னது சொன்னபடியே பதினைந்து ஆண்டு காத்துக் கிடந்தது.

1993-ஐ பவார் எப்படிக் கழித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மும்பைக் கலவரங்கள் ஓய்ந்த கையோடு, தில்லியில் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவரை மார்ச் மாதம் மாநிலத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். வந்த வாரத்திலேயே, மார்ச் 12 அன்று, மும்பையில் தொடர் குண்டுவெடிப்பு. செப்டம்பர் 30 விடியற்காலை கில்லாரியில் நிலநடுக்கம். லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களில் சுமார் பத்தாயிரம் பேர் மண்ணுக்குள் போனார்கள். இரண்டுமே மராத்வாடா மாவட்டங்கள்.

அந்த இடிபாடுகளை அப்புறப்படுத்தி முடிக்கும் முன்பே நாந்தேட் செய்தி.

இன்னொரு சிக்கல் அமைச்சரவைக்குள்ளேயே இருந்தது. தலித் பேந்தர் இயக்கத்தில் பெயர்மாற்றத்துக்காகத் தெருவில் நின்ற ராம்தாஸ் அத்வாலே, 1990 முதல் மாநில அமைச்சர். வெளியே பழைய தோழர்கள் கோஷம் போடுகிறார்கள், உள்ளே இவர் காரில் போகிறார். இந்த நிலை எத்தனை நாள் தாங்கும்?

* * *

ஒரு கேள்வியை இங்கே கேட்டுவிட வேண்டும். வாசகர்கள் பலர் கேட்டுக்கொண்டே இருப்பதுதான். ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர்ப்பலகைக்காக ஒரு கிராமத்தான் பக்கத்துத் தெருக் குடிசைக்கு ஏன் நெருப்பு வைக்க வேண்டும்? அவனைப் போன்றவர்களில் பாதிப்பேர் அந்தப் பல்கலைக்கழக வாசலையே மிதித்திருக்க மாட்டார்கள்.

எதிர்த்தவர்கள் மேடையில் சொன்ன காரணம் கௌரவமானது. மராத்வாடா 1948 செப்டம்பர் 17 வரை நிஜாம் ஆட்சியில் இருந்த நிலம். சுவாமி ராமானந்த தீர்த்தர் தலைமையில் போராடி மீண்ட நிலம். 1958 ஆகஸ்டில் அந்த மண்ணுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வந்தபோது, 'மராத்வாடா' என்ற பெயரே அந்தப் போராட்டத்தின் நினைவு. அதை எடுக்கலாமா? கோவிந்தபாய் ஷ்ராஃப் போன்ற விடுதலைப் போராட்டக்காரர்கள், 'மராத்வாடா' நாளிதழின் ஆசிரியர் அனந்த் பாலேராவ் போன்ற மதிப்புள்ள பேனாக்காரர்கள் இந்த வாதத்தை வைத்தார்கள். இவர்களைச் சாதி வெறியர்கள் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நிஜாம் காலத்துச் சிறைகளைப் பார்த்தவர்கள் அவர்களிலே உண்டு.

ஆனால் மேடையில் பேசப்பட்ட காரணம் வேறு, கிராமத்தில் எரிந்த காரணம் வேறு.

அதைத் தெரிந்துகொள்ள மிலிந்த் கல்லூரிக்குப் போக வேண்டும். அம்பேத்கர் 1945-இல் தொடங்கிய மக்கள் கல்விக் கழகம், 1950-இல் அவுரங்காபாத்தில் ஒரு கல்லூரி திறந்தது. பௌத்தத் துறவி நாகசேனரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டு விடை பெற்ற கிரேக்க அரசன் மிலிந்தன். கல்லூரிக்கு அவன் பெயர், வளாகத்துக்கு நாகசேன வனம் என்று துறவியின் பெயர். கேள்வி கேட்டவனைக் கல்லூரியாகவும் பதில் சொன்னவரைத் தோப்பாகவும் வைத்த அந்த ரசனையை நான் எப்போதும் வியப்பதுண்டு.

அம்பேத்கர் இதை மும்பையில் மட்டும் வைத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நாட்டிலேயே பின்தங்கிய பகுதிகளில் ஒன்றைத் தேடிப் பிடித்து அங்கே கொண்டுபோய் வைத்தார். சுற்றுப்பட்ட கிராமங்களின் தலித்துகளான மகார் சாதி வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள், விடுதியில் தங்கினார்கள், பட்டம் வாங்கினார்கள். கங்காதர் பான்தாவணே அவுரங்காபாத்திலிருந்து நடத்திய 'அஸ்மிதாதர்ஷ்' இதழைச் சுற்றி ஓர் எழுத்துத் தலைமுறையே எழும்பியது. பிள்ளைகள் ஆசிரியர்களானார்கள், தாசில்தார் அலுவலகத்தில் எழுத்தர்களானார்கள்.

ஊரில் என்ன நடந்தது? செத்த மாட்டை இழுக்க, சேதி சொல்ல, எல்லைக்குக் காவல் நிற்க மகார்களுக்குப் பரம்பரைக் கடமை இருந்தது. நம்மூர் வெட்டியான், தோட்டி வேலைகளைப் போலத்தான். அந்த வதன் முறையை ஐம்பதுகளின் முடிவில் சட்டம் ஒழித்தது. 1956-இல் பௌத்தம் தழுவியவர்கள் அந்த வேலைகளைச் செய்ய மாட்டோம் என்று ஏற்கெனவே கையை உதறியிருந்தார்கள். நேற்று வரை வாசலில் நின்றவன் மகன் இன்று வேட்டியை விட்டுப் பேண்ட் போட்டுக்கொண்டு, கையில் கோப்போடு, பஸ்ஸில் உட்கார்ந்து போகிறான். ஊர் பொறுக்கவில்லை.

பெயர்மாற்றத் தீர்மானம் அந்தப் பொறாமைக்கு ஒரு நாளும் தேதியும் குறித்துக் கொடுத்தது. அவ்வளவுதான்.

போச்சிராம் காம்ளே மகாரும் அல்ல, மாதங் சாதிக்காரர். எரித்தவர்கள் சாதிச் சான்றிதழ் பார்த்து எரிக்கவில்லை. 'ஜெய் பீம்' என்ற குரல் போதுமானதாக இருந்தது. 2021-இல் ஒரு சினிமாத் தலைப்பாக நம் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்துபோன வணக்கச் சொல், அன்றைக்கு ஒரு மனிதனின் உயிருக்கு விலை.

* * *

அப்படியானால் 1978-இல் முடியாதது 1993-இல் எப்படி முடியும் என்று பவார் நினைத்தார்?

காற்று திசை மாறியிருந்தது. 1990-இல் வி.பி. சிங் அரசு அம்பேத்கருக்கு பாரத ரத்னா கொடுத்தது. நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அவர் படம் ஏறியது. பௌத்தம் தழுவிய தலித்துகளுக்கும் பட்டியல் சாதிச் சலுகை உண்டு என்று சட்டம் வந்தது. நூற்றாண்டு விழாவை எல்லாக் கட்சிகளும் போட்டி போட்டுக் கொண்டாடின. மண்டல் பரிந்துரையை 1992 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அம்பேத்கர் ஒரு சாதியின் தலைவர் என்று சொல்லி ஒதுக்குவது 1993-இல் எந்த அரசியல்வாதிக்கும் எளிதாக இல்லை.

இன்னொரு பக்கம் எதிர்ப்பும் புதிய கொடி பிடித்திருந்தது. எண்பதுகளின் நடுவில் மராத்வாடாவுக்குள் நுழைந்த சிவசேனை, 1988-இல் அவுரங்காபாத் மாநகராட்சித் தேர்தலில் பெரும் வெற்றி பெற்றது. பெயர்மாற்றத்தை பால் தாக்கரே வெளிப்படையாக எதிர்த்தார். வீட்டில் மாவுக்கே வழியில்லை, இவர்களுக்குப் பல்கலைக்கழகம் எதற்கு என்ற பொருளில் ஓர் ஏளன கோஷம் சிவசேனைப் பக்கமிருந்து கிளம்பி மராத்வாடா முழுக்கச் சுற்றியது. ஏழையின் வயிற்றைக் காட்டி அவன் புத்தகத்தைப் பிடுங்கும் இந்த உத்தி புதிதல்ல. நம் பக்கத்தில், "கூலிக்காரன் மகன் காலேஜுக்குப் போனா வயலுக்கு யாரு போவா?" என்று கேட்டவர்களின் பேரன்மார் இன்னும் இருக்கிறார்கள்.

பவார் தன் 1978 அனுபவத்திலிருந்து ஒன்று கற்றிருந்தார். அவையில் ஒருமனதாகத் தீர்மானம் போட்டால் மட்டும் போதாது. ஊரில் இருப்பவன் அவையில் இல்லை. இந்த முறை அறிவிப்புக்கு முன்னால் பேச்சு நடந்தது. தலைவர்களோடு, எதிர்ப்பாளர்களோடு, மராத்வாடாவின் பழைய போராட்டக்காரர்களோடு. அந்தப் பேச்சுகளிலிருந்து மெல்ல மெல்ல ஒரு சூத்திரம் உருண்டு திரண்டது.

* * *

1994 ஜனவரி 14, வெள்ளிக்கிழமை.

நமக்குப் பொங்கல். கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சி, திருமானூர் வீடுகளில் பால் பொங்கிய அதே நாள். மகாராஷ்டிரத்தில் மகர சங்கராந்தி. அங்கே எள்ளும் வெல்லமும் கலந்த உருண்டையை ஒருவர் கையில் ஒருவர் வைத்து, இதைச் சாப்பிடு, இனிமையாகப் பேசு என்று சொல்வது வழக்கம். சண்டை போட்ட பங்காளிகள்கூட அன்றைக்கு ஓர் உருண்டை கொடுத்தால் வாங்கித்தான் ஆக வேண்டும்.

பவார் நாள் பார்த்திருந்தார்.

மராத்வாடா பல்கலைக்கழகம் அன்றிலிருந்து 'டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் மராத்வாடா பல்கலைக்கழகம்'.

பெயரைக் கவனித்துப் படியுங்கள். மராத்வாடா போகவில்லை. அம்பேத்கர் முன்னால் வந்து நின்றார், மராத்வாடா ஓரடி பின்னால் நகர்ந்து அங்கேயே நின்றது. பதினைந்தரை ஆண்டு போராடியவர்கள் கேட்டது 'நாமாந்தர்', அதாவது பெயர்மாற்றம். அரசு கொடுத்தது 'நாமவிஸ்தார்', பெயர் விரிவாக்கம். எதிர்ப்பாளர்களின் ஒரே கௌரவமான வாதம், விடுதலைப் போரின் நினைவு அழிந்துவிடும் என்பது, இந்த ஒரு சேர்க்கையில் உயிர் இழந்தது. அதற்குப் பிறகும் எதிர்த்தவர்கள் எதற்காக எதிர்த்தார்கள் என்பது எல்லோருக்கும் தெளிவாகிவிட்டது.

இது இவ்வளவு எளிய தீர்வு என்றால் 1978-லேயே செய்திருக்கலாமே? செய்திருக்கலாம். அதைச் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயரை எழுதும் அளவு புத்தி அரசுக்கு வருவதற்குள் எத்தனை குடும்பங்கள் ஊர் மாறின!

அங்கங்கே தாக்குதல்கள் நடந்தன. ஆனால் 1978 திரும்பவில்லை. அவுரங்காபாத்தில் பல்கலைக்கழக வாயிலுக்கு முன்னால் கூட்டம் திரண்டது. ஆண்டுக்கணக்கில் மறியல் நடத்தி, தடி வாங்கி, கைதாகி வேனில் ஏறிய மக்கள், அந்த வளைவைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

* * *

ஆனால் சூத்திரத்துக்கு இரண்டாம் பாதி ஒன்று இருந்தது. கொண்டாட்டத்தில் அது காதில் விழவில்லை.

பல்கலைக்கழகம் தொடங்கியபோது மராத்வாடாவில் ஐந்து மாவட்டங்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஜால்னாவும் லாத்தூரும் பிரிந்து ஏழாகின. இந்த ஏழின் கல்லூரிகள் எல்லாம் அவுரங்காபாத்துக்குக் கீழ்தான்.

பெயர் விரிந்து எட்டு மாதம் கழித்து, 1994 செப்டம்பர் 17 அன்று, மராத்வாடா விடுதலை நாளில், பல்கலைக்கழகம் சுருங்கியது. அவுரங்காபாத், ஜால்னா, பீட், உஸ்மானாபாத் நான்கும் அம்பேத்கர் பெயருக்குக் கீழ் நின்றன. நாந்தேட், பர்பணி, லாத்தூர் மூன்றும் பிரிந்து புதிய பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போயின. அதன் தலைமையிடம் நாந்தேட். பெயர், சுவாமி ராமானந்த தீர்த்தர் மராத்வாடா பல்கலைக்கழகம்.

ராமானந்த தீர்த்தர் பெயருக்கு என்ன குறை? ஒரு குறையும் இல்லை. நிஜாமை எதிர்த்து நின்ற துறவி, எந்தப் பல்கலைக்கழகமும் தாங்கத் தகுந்த பெயர். நாந்தேட் பிள்ளைகள் சான்றிதழ் வாங்க அவுரங்காபாத் வரை பஸ் பிடித்துப் போக வேண்டியதில்லை என்பதும் உண்மையான நன்மை. நிர்வாகக் கண்ணோடு பார்த்தால் பிரித்தது சரி.

நாந்தேட் கண்ணோடு பார்த்தால்?

போச்சிராம் காம்ளேயின் மாவட்டம். கௌதம் வாக்மாரேயின் ஊர். இந்தப் பெயருக்காகக் கொடுத்தவர்களில் முன்வரிசை. அங்கே ஒரு தலித் மாணவன் பட்டம் வாங்கி, அந்தக் கெட்டித்தாளை விரித்துப் பார்த்தால், மேலே அம்பேத்கர் பெயர் இல்லை. அந்தப் பெயர் அச்சிட்ட பட்டம் வேண்டுமானால் இன்னொரு பல்கலைக்கழக எல்லைக்குள் போய்ப் படிக்க வேண்டும்.

இது தற்செயலா, கணக்கா? எதிர்ப்பு கடுமையாக இருந்த மாவட்டங்களுக்குத் தனிப் பெயர், மற்றவற்றுக்கு அம்பேத்கர் பெயர் என்று ஒரு கோடு போட்டால் ஏறக்குறைய இந்த வரைபடம்தான் வரும். பவார் இதைச் சமரசம் என்றார். அவர் ஆதரவாளர்கள் ராஜதந்திரம் என்றார்கள். இரண்டும் பொய்யில்லை. ஒரு தீப்பொறி விழுந்தால் மாநிலமே எரியும் காலத்தில், இன்னொரு 1978 வராமல் பலகையை மாற்றிக் காட்டியது சாதாரண வேலை அல்ல. ஆனாலும் கணக்குப் புத்தகத்தில் பற்று எங்கே எழுதப்பட்டது, வரவு எங்கே எழுதப்பட்டது என்று பார்க்காமல் பாராட்ட எனக்குக் கை வரவில்லை.

* * *

ஏலாக்குறிச்சியில் உட்கார்ந்துகொண்டு மராத்வாடாவைப் பற்றி இவ்வளவு அக்கறை எதற்கு என்று சிலர் கேட்பார்கள். தொண்ணூறுகளில் இந்தப் பக்கம் ஓடிய பஸ்களை நினைத்துப் பாருங்கள். திருச்சிப் பக்கத்து வண்டியில் 'தீரன் சின்னமலை', கும்பகோணத்து வண்டியில் 'சோழன்'. 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய போக்குவரத்துக் கழகத்துக்கு, தேவேந்திர குல வேளாளர் சமூகத்தில் பிறந்த மாவீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்தார்கள். அந்த பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. தென்மாவட்டங்களில் உயிர்கள் போயின. தமிழக அரசு என்ன செய்தது? ஒரு பெயரைக் காப்பாற்றவும் இல்லை, ஒரு பெயரை மட்டும் நீக்கவும் இல்லை. மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் ஒரேயடியாக வழித்தெறிந்தது. பட்டறையில் வண்டிகளுக்குப் புதுச்சாயம் அடித்தார்கள். பிரச்சினை தீர்ந்தது என்றார்கள்.

மகாராஷ்டிரம் பெயரைச் சேர்த்துத் தீர்த்தது, நாம் பெயரை அழித்துத் தீர்த்தோம். எது மேல் என்று என்னைக் கேட்டால், அரைகுறையாக இருந்தாலும் சேர்த்தவர்கள் பக்கம்தான் நிற்பேன்.

அழித்ததால் தீரவும் இல்லை. 2008 நவம்பர் 12 அன்று சென்னை டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி வாசலில், போலீஸ் கைகட்டி நிற்க, மாணவர்கள் மாணவர்களைத் தடியால் அடித்ததைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. கிளப்பிவிட்டது எது? ஒரு சுவரொட்டி. தேவர் ஜெயந்திக்காக அச்சடித்ததில் கல்லூரிப் பெயரை எழுதும்போது 'டாக்டர் அம்பேத்கர்' என்ற இரண்டு சொற்களை விட்டுவிட்டார்கள். அச்சகத்தில் இடம் போதவில்லையாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பெயரை வைப்பவர்களுக்கும் புழங்குபவர்களுக்கும் நடுவே எப்போதும் ஓர் இழுபறி உண்டு. வீரமாமுனிவர் நம் ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார், அந்தப் பெயரில் கலம்பகமும் பாடினார். இலக்கியத்தில் திருக்காவலூர் இருக்கிறது. பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது ஏலாக்குறிச்சிதான். அதில் யாருக்கும் மனக்கசப்பு இல்லை, ஏனென்றால் அதில் யாருடைய மானமும் பணயமாக வைக்கப்படவில்லை. சட்டக் கல்லூரிச் சுவரொட்டியில் வைக்கப்பட்டிருந்தது. மராத்வாடாவிலும்.

* * *

அவுரங்காபாத்துக்குத் திரும்புவோம். அந்த நகரத்தின் பெயரே இப்போது சத்ரபதி சம்பாஜிநகர், அது 2023-இல் நடந்த வேறு கதை.

1994-க்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 14 பல்கலைக்கழகத்துக்கு நாமவிஸ்தார் தினம். வளாகத்துக்குள் துணைவேந்தர் தலைமையில் விழா, சொற்பொழிவு, மாலை மரியாதை. எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் நடப்பதுதான். உண்மையான விழா வாயிலுக்கு வெளியே.

முதல் நாள் இரவிலிருந்தே வர ஆரம்பிப்பார்கள். வெள்ளைச் சேலை கட்டிய கிழவிகள், தோளில் நீலத் துண்டு போட்ட இளைஞர்கள், கைக்குழந்தையோடு தம்பதிகள். வழியெல்லாம் கடை. புத்தர் பொம்மை, அம்பேத்கர் படம், நாட்காட்டி, பாட்டு சிடி. எல்லாவற்றையும் விட அதிகம் புத்தகம். தார்பாயை விரித்துக் குவித்து வைத்திருப்பார்கள். பள்ளிக்கூடமே போகாத பாட்டி பேரனுக்காக ஒன்றை வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வாள். கட்சிக்கு ஒரு மேடை, அணிக்கு ஒரு மேடை. அம்பேத்கர் வழிவந்த இந்தியக் குடியரசுக் கட்சி எத்தனை துண்டாகியிருக்கிறது என்று கணக்கெடுக்க அந்தச் சாலை ஒன்றே போதும். ஒரு மேடையின் ஒலிபெருக்கி அடுத்த மேடையை முழுங்கும். கூட்டம் எதையும் சட்டை செய்யாமல் நேரே வாயிலுக்குப் போய், தலை குனிந்து, சிலர் மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துவிட்டு, உள்ளே ஒரு வகுப்பறையையும் பார்க்காமல் திரும்பும். வருபவர்களில் நாந்தேட்காரர்களும் உண்டு.

பல்கலைக்கழகம் நடத்தும் விழாவில் அவர்களுக்கு நாற்காலி போட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம்.

* * *

பவாருக்கு இதனால் என்ன கிடைத்தது?

1995 தேர்தல் வந்தது. காங்கிரஸ் 80 இடங்களில் சுருண்டது. சிவசேனை 73, பாரதிய ஜனதா 65. மார்ச் 14 அன்று சிவசேனையின் மனோகர் ஜோஷி முதல்வரானார். அம்பேத்கர் பெயர் வைத்ததால்தான் பவார் தோற்றார் என்று அன்று முதல் இன்று வரை பலர் சொல்கிறார்கள். அது முழு உண்மை அல்ல. மும்பைக் கலவரத்தால் முஸ்லிம் வாக்குகள் விலகின, ஊழல் குற்றச்சாட்டுகள் குவிந்தன, காங்கிரஸ் அதிருப்தியாளர்கள் சுயேச்சைகளாக நின்று கட்சியைக் கவிழ்த்தார்கள். பெயர் அதில் ஒரு சிறு தராசுக்கல். ஆனால் அரசியல்வாதிகள் பாடம் கற்கும்போது முழு உண்மையைப் பார்ப்பதில்லை.

இப்போது அதிகாரத்தில் இருந்தவர்கள், பெயர் வைக்கக் கூடாது என்று தெருவில் நின்றவர்கள். பலகையைக் கழற்றிவிடுவார்கள் என்று அவுரங்காபாத்தில் பேச்சு அடிபட்டது. வாயிலைச் சுற்றி இரவில் இளைஞர்கள் காவல் இருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை என்ற நிலை.

அவர்கள் பலகையைத் தொடவில்லை. ஓர் எழுத்தைக்கூட அழிக்கவில்லை.

அவர்கள் கை வைத்தது வேறொன்றில். பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1990 ஜனவரி 30 முதல் அமலுக்கு வந்திருந்தது. அதன் கீழ் மராத்வாடாவின் காவல் நிலையங்களில் வழக்குகள் குவிந்திருந்தன. யார் குடிசையை யார் எரித்தார், யாரை யார் அடித்தார் என்று பெயர் பெயராகப் பதிவான கோப்புகள். பொய் வழக்குகள் என்று சொல்லி, புதிய அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை ஒட்டுமொத்தமாகத் திரும்பப் பெற முடிவு செய்தது.

வாயிலில் அம்பேத்கர் பெயர் அப்படியே இருந்தது. அந்தப் பெயரைச் சொன்னதற்காக அடிபட்டவர்களின் பெயர்கள் இருந்த கோப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவற்றைத் திரும்பத் திறக்க யாராவது நீதிமன்றம் போனார்களா? போனவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது?

(அடுத்த வாரம்)